வெளியிலிருந்து நுழையும் வழி

திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் இருக்கும் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதே ஊரில் கரமனையில் உள்ள என் வீட்டிலிருந்தே வேலை செய்ய வசதியாக, இணையம் வழியாக வெளியிலிருந்தும் அட்மின் கணக்கில் நுழையும்படி, யாரையும் கேட்காமல் அமைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது மருத்துவமனை லேபில் வேலை பார்க்கும் பீனா சேச்சி போனில் கூப்பிட்டார்.

"மோளே, ரிப்போர்ட் ஒவ்வொண்ணா காணாம போகுதல்லோ! நீயா அழிக்கறே?"

பஸ்ஸிலிருந்தே கத்தினேன்.

"நான் இல்லே சேச்சி! சர்வரோட நெட் கேபிளை உடனே பிடுங்கிடுங்கோ!"

பிடுங்கினார். அழிவது நின்றது. ஆனால் அன்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணின் ரத்தப் பிரிவு விவரமும் போயிருந்தது. நான் போய்ச் சேர்ந்து, மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்து முடிக்கும்வரை லேப் வாசலிலேயே நின்றேன்.

வெளியிலிருந்து நுழைய நான் அமைத்த வழியாகத்தான் எவனோ உள்ளே வந்து அழித்திருந்தான். மேலாளரிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி, அந்த வழியை அடைத்தேன். உள்ளே நுழைய எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்ததோ, முகம் தெரியாத ஒருவனுக்கும் அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.