பழனியம்மாள் குறி பார்த்த கதை

பழனியம்மாள் முதன்முதலில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போனது சோற்றுத் தூக்கோடுதான். ஒருநாள் போட்டியில் சுடுவோம் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சரிவில் அவளுக்கும் அவள் கணவன் மாதனுக்கும் இரண்டு ஏக்கர் நிலம். சாமையும் மரவள்ளியும் போடுவார்கள். கிழங்கு தேறும் மாதத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கொல்லையையே உழுதுவிட்டுப் போகும். அவற்றை விரட்ட மாதனிடம், அவன் அப்பா காலத்திலிருந்தே உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழல் வாய்க்குள் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறக்கிச் சுடுகிற பழைய வகை. மாதன் எப்போதும் வானத்தைப் பார்த்துத்தான் சுடுவான். சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும். அதனால் குறி பார்க்கிற வேலையே அவனுக்கு இருந்ததில்லை.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கப் போன இடத்தில் மாதனுக்கு சுப்புராயன் அறிமுகமானார். சின்னசேலம் பக்கத்தில் கரும்பு போடுகிறவர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் தோளிலும் இதே மாதிரி ஒரு மருந்துத் துப்பாக்கி.

“மாசத்துல கடைசி ஞாயித்துக்கெழம எங்க கிளப்பு மைதானத்துல மருந்துத் துப்பாக்கிக்காரங்க மட்டும் கூடுவோம். சும்மா வந்து பாருங்களேன்” என்றார்.

மாதன் மூன்று மாதம் போனான். மூன்று தடவையும் முகமெல்லாம் கரியோடு, வாயெல்லாம் பல்லோடு திரும்பி வந்தான்.

“இன்னா மாமா சுட்ட?”

“மண்மேட்ட.”

“மண்மேட்ட சுடவா மூணு பஸ்ஸு மாறிப் போய்க்கினு இருக்கற?”

நாலாவது மாதம், அப்படி என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோம் என்று சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு பழனியம்மாளும் கிளம்பினாள். ஐம்பது மீட்டர் தள்ளி, குண்டு தாங்கும் மண்மேட்டுக்கு முன்னால் கயிற்றில் ஐந்து மண்சட்டிகள் தொங்கின. மாதன் சுட்டான். சட்டிகள் அப்படியே தொங்கின. புளியமர நிழலில் உட்கார்ந்திருந்த பழனியம்மாளிடம் கிளப்பில் பயிற்சி கொடுக்கும் ரம்யா வந்தாள். இருபத்தாறு வயசுப் பெண்.

“அக்கா, நீங்களும் ஒரு தபா சுட்டுப் பாக்கறீங்களா?”

“ஐயையோ, நான் சோறு எடுத்தாந்தவம்மா.”

“சோறு எங்கியும் போவாது, வாங்க.”

ரம்யா மாதனின் துப்பாக்கியில் மருந்து இடித்து, அவள் காதைப் பஞ்சால் மூடிவிட்டு, துப்பாக்கிக் கட்டையைத் தோள்குழியில் அழுத்தி வைத்தாள். கனம் பழனியம்மாளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விறகுக்கட்டு சுமக்கிற தோள். குறியும் அவளுக்குப் புதுசில்லை. சின்ன வயசில் சாமைக் கொல்லையில் பரண்மேல் நின்று, கவண்கல்லால் கிளி விரட்டியவள். மூச்சைப் பிடித்தாள். விசையை இழுத்தாள்.

தோளில் ஓர் இடி. கண்ணெதிரே வெள்ளையாகப் புகை. அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம்.

“சட்டி இருக்குதா, போச்சா?” என்று கத்தினாள்.

யாருக்கும் தெரியவில்லை. காற்று மெல்லப் புகையைத் தள்ளிக்கொண்டு போனது. நடுச்சட்டி தொங்கிய இடத்தில் வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. பழனியம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து மாதன் பார்த்ததில்லை.

அந்த மாதமே உரிமத்தில் அவள் பெயரையும் சேர்க்க மனு கொடுத்தார்கள். விசாரித்த அதிகாரி கேட்டார், “வூட்டுக்காரர்தான் இருக்காரே, உனக்கு எதுக்கும்மா துப்பாக்கி?”

“அவரு குறி வச்சா பன்னிக்குப் பயமே இல்ல சார்.”

அதிகாரி சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மாதன்தான் அவரைவிட அதிகம் சிரித்தான். எட்டு மாதம் அலைந்த பிறகு பெயர் சேர்ந்தது.

மலையில் நினைத்தபோதெல்லாம் வெடிக்க முடியாது. அதனால் தினமும் மாடு கறந்ததும், மருந்தில்லாத வெறும் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி, கொல்லையோரப் பலாமரத்தில் ஒரு காயைக் குறி பார்த்து அசையாமல் நிற்பாள். பத்து எண்ணும்வரை நிற்பாள், பிறகு இருபது. “பழனி பலாக்காய பயமுறுத்திக்கினு கீறா” என்று பக்கத்துக் கொல்லை இருசம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். சில வருஷம் கழித்து, மகள் வளர்மதியும் பதின்மூன்று வயசில் கிளப்பில் சேர்ந்துகொண்டாள். மாதக் கடைசி ஞாயிறு என்றால் அந்த வீட்டில் மூன்று பேருக்குக் கட்டுச்சோறு. பழனியம்மாளுக்கு எத்தனையோ சட்டி உடைந்தது. வளர்மதிக்கும் உடைந்தது. மாதனுக்கு மட்டும் மண்மேடுதான். அதற்காக அவன் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை.

இந்தத் தை மாதப் போட்டிக்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். இறுதிச் சுற்றுக்குப் பழனியம்மாளும் சுப்புராயனும் தேறினார்கள். அதற்கு முன்னால், முதல் சுற்றில் விட்டவர்களுக்கு ஒரு கடைசிக் குண்டு உண்டு. மாதன் போய் நின்றான். சுட்டான். அன்றைக்குக் காற்றே இல்லை. புகை நகராமல் அப்படியே நின்றது.

“மண்மேடுதான்” என்று தானே சொல்லிவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைக்கப் போனான்.

“அப்பா!” என்று வளர்மதி அலறினாள். “சட்டியக் காணோம்பா!”

மாதன் நம்பவில்லை. சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு ரம்யாவே போய் உடைந்த சட்டியின் ஓட்டுத் துண்டைப் பொறுக்கி வந்து காட்டினாள். அதைக் கையில் வாங்கியவன் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுப்புராயன் அவனைக் கட்டிக்கொண்டார். மைதானமே கை தட்டியது.

பழனியம்மாள் இறுதிச் சுற்றுக்குப் போய் நின்றபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. குழல் நுனியில் இருந்த குறிமுள் மேலும் கீழும் ஆடியது. மூச்சைப் பிடித்தால் வயிறு குலுங்கியது. ஐந்தில் மூன்றுதான் உடைந்தது. சுப்புராயனுக்கு நாலு. கோப்பையை வாங்கிக்கொண்டு அவர் வந்து, “அம்மா, நீங்க ஒழுங்கா சுட்டிருந்தா இது உங்க வூட்டுக்கு வந்திருக்கும்” என்றார்.

“போனாப் போவுது ஐயா. அடுத்த தைக்குப் பாத்துக்கலாம்.”

வீடு சேர்ந்ததும் வளர்மதி வெந்நீர் வைத்தாள். கருமருந்துக் கரியை அன்றைக்கே கழுவாவிட்டால் குழல் துருப்பிடித்துவிடும். பழனியம்மாள் குழலுக்குள் வெந்நீரை ஊற்றித் துணிக்கம்பியால் துடைக்க, கறுப்புத் தண்ணீர் வாசலில் ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் மாதன் இருசம்மாளிடம் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த முறை சட்டி எழுபது மீட்டர் தள்ளிப் போயிருந்தது. பழனியம்மாள் காதில் விழுந்தது. அவள் திருத்தப் போகவில்லை.