முப்பத்தேழாம் கட்டம்

ஆல்பத்தின் பத்தாம் பக்கத்தில் முப்பத்தேழாம் எண் போட்ட கட்டத்தில் மட்டும் இன்னும் படம் இல்லை. மற்ற நாற்பத்தொன்பதிலும் கையில் மட்டையும் பந்துமாக வெள்ளைக்கார கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் சிகரெட் டப்பா ஒன்றுக்கு ஒரு படம் என்று உள்ளே வைத்து விற்றார்களாம். ஐம்பதும் சேர்ந்தால் ஒரு செட். மூன்று வாரங்களுக்கு முன், நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த தாசில்தாரின் மகள் இதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அப்பா கண்ண மூடறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க அக்கா" என்றாள். ஏன் எனக்கு என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று முழுவதும் உட்கார முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

எழுபதுகளில் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், குத்தகைதாரர் பெயர்களைப் பதிவு செய்ய அரசாங்கம் திறந்த அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் தாசில்தார். ஊருக்கு ஊர் விவசாயச் சங்கக் கொடிக்கம்பம் முளைத்த காலம் அது. அறுப்பு வந்தால் வரப்பில் போலீஸ் நிற்கும். உழுகிறவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவரை நிலத்தை விட்டு அவ்வளவு சுலபமாக எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த சாகுபடிக்கு வரப்பு மிதிக்க விடமாட்டார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்து என்னைப் படிக்க வைத்தவர்கள். அதனால் அந்தப் பதிவேட்டில் ஒரு பெயரை டைப் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு குஷி. கைதான் பரபரக்கும், ஒரு வரிக்கு இரண்டு தப்பு.

தாசில்தாரைப் பொறுமைசாலி என்று ஊரே சொல்லும். சுத்தப் பொய். மேஜைக்கு மேலே மனிதர் அம்மிக்கல் மாதிரி இருப்பார்; கீழே அவர் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேஜை அதிர்ந்து என் மைக்கூடு நகரும். ஆனால் அந்தக் காலை ஆட்டிக்கொண்டே இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தார், அதுதான் விஷயம். பள்ளிக்கூட நாளில் கும்பகோணத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் பன்னிரண்டு படங்களோடு இந்த ஆல்பம் கிடைத்ததாம். மீதியை ஒவ்வொன்றாகத் தேடினார். தரங்கம்பாடியில் ஒரு வயதான பாதிரியார் வேதப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த ஒரு படத்துக்காக நாலு தடவை பஸ் ஏறியிருக்கிறார். கேட்கக் கூச்சப்பட்டு மூன்று தடவை சும்மா திரும்பி வந்தாராம்! கடைசியில் நின்றது முப்பத்தேழு. மதியம் சாப்பிட்டு முடித்ததும் டிராயரைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பார், மூடுவார். பார்க்கிற எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது. கிடைத்துத் தொலையாதா!

எனக்கு வாய் சும்மா இருக்காது. விசாரணைக்காக எந்த ஊருக்குப் போனாலும், "உங்க வீட்டுல பழைய சிகரெட் டப்பா இருக்குங்களா? அதுல முப்பத்தேழாம் நம்பர் படம் வேணும், எங்க சாருக்கு" என்று கேட்டுவைப்பேன். ஒரு பெரிய மிராசுதார் வீட்டுக் கூடத்திலும் கேட்டேன். அவர் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், உழுதுகொண்டிருந்த ஒரு விதவை அம்மாள் குத்தகைப் பதிவுக்கு மனுப் போட்டிருந்தார். 'அவள் புருஷன் கூலியாள்தான், குத்தகைதாரன் இல்லை' என்பது மிராசுதார் கட்சி. ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காத தாசில்தாருக்கு என்ன வேண்டும் என்பதை அந்த வீட்டில் நானேதான் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அந்த வீட்டு நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். தாசில்தார் வெளியூர் போயிருந்தார். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, "பெரியவங்க அப்பா காலத்து டப்பாவுல இருந்துச்சாம். ஐயாகிட்ட குடுத்துடுங்க. சும்மாதான்" என்றார். பிரித்தால் முப்பத்தேழு! மட்டையை ஓங்கிய ஒரு மீசைக்காரர். நான் யோசிக்கவே இல்லை. சார் டிராயரிலிருந்து ஆல்பத்தை எடுத்தேன், கோந்து பாட்டிலைத் திறந்தேன், கட்டத்தில் தடவினேன், ஒட்டினேன். மறுநாள் சார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் இல்லை.

மறுநாள் மதியம் அவர் டிராயரைத் திறந்தார். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அது நின்று நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. படத்தை விரலால் தொட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி தொட்டார். "ஏம்மா, எங்க கெடச்சுது?" குரலே வேறாக இருந்தது. நான் குதூகலமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்முன் அவர் முகம் போன போக்கில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் வழக்கின் விசாரணை அடுத்த நாள் காலை.

திட்டியிருந்தால் தேவலை. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கேட்டார். கோந்து இறுகியிருந்தது. நனைத்து, காத்திருந்து, மறுபடி நனைத்து, இரண்டு மணி நேரம் அந்தப் படத்தை உரித்தார். பின்பக்கத்தில் ஒரு தோல் கட்டத்திலேயே தங்கிவிட்டது. ஒற்றுத்தாளில் வைத்து உலர்த்தியபின், படத்தை எடுத்துச் சட்டைப் பை வரை கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. நான் டைப்ரைட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் படம் ஓர் உறைக்குள் போகிற சத்தம் கேட்டது.

காலையில் இரண்டு தரப்பும் நிற்க, எல்லார் எதிரிலும் அந்த உறையைக் காரியக்காரரிடம் நீட்டினார். "உங்க வீட்டுப் பொருள் தவறி இங்க வந்துடுச்சு. பின்பக்கம் கொஞ்சம் உரிஞ்சிருக்கு, மன்னிக்கணும்."

"அட, இதெல்லாம் ஒரு பொருளாங்க?" என்று காரியக்காரர் சிரித்தார். தாசில்தார் சிரிக்கவில்லை; பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார். என் பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் மெதுவாக, "அந்தப் படத்துக்கும் என் வழக்குக்கும் ஏதும் சம்பந்தமாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா" என்றேன். அது பொய். பக்கத்து வயல்காரர்கள் ஒன்பது பேரையும் விசாரித்து, வரப்பு வரப்பாக நடந்து பார்த்து, அந்த ஆறு மாவை அந்த அம்மாள் பெயருக்குத்தான் பதிந்தார் தாசில்தார். டைப் அடித்தது நான். அந்த ஒரு வரியில் மட்டும் தப்பே இல்லை. ஆனால் ஒரு மாதம் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறாம் மாதம் அவரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்குப்பிறகு அப்பா அந்தப் படத்தைத் தேடவே இல்லை என்று மகள் சொன்னாள். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. என் அவசரப் புத்தி ஒரு மனுஷனின் இருபத்திரண்டு வருஷத்தைக் கெடுத்துவிட்டதே என்று தூக்கம் போயிற்று. பேரனின் போனை வாங்கித் துழாவினேன். முப்பத்தேழாம் எண் விற்பனைக்கு இருந்தது. அமுக்கினேன்; நாலாம் நாள் கூரியரில் மீசைக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார். நாலே நாள்! எனக்கு அழுகைதான் வந்தது.

இன்று காலை கோந்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் சொட்டிவிடக் கூடாதே என்று கண்ணாடியைத் தேடிப் போட்டேன். மூன்று வாரமாகக் கண்ணாடி போடாமலே பார்த்திருக்கிறேன் அந்தக் கட்டத்தை. உரிந்து ஒட்டிய பழுப்புத் தோலின் மேல், பென்சிலில், அலுவலகக் குறிப்பு எழுதுகிற அதே பொடி எழுத்தில் ஒரு வரி: 'வந்தது. திருப்பிக் கொடுத்தேன்.' கீழே அவருடைய சுருக்கொப்பம். அவர் கணக்கில் அந்தப் பக்கம் அன்றைக்கே முடிந்துவிட்டிருக்கிறது. நான்தான் ஐம்பது வருஷமாக முடியவில்லை என்று நினைத்துத் தவித்திருக்கிறேன்.

கோந்தை மூடிவிட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பப் போனை எடுத்தேன். என்ன காரணம் என்று கேட்டது. பொருளில் சேதமா, வேறு பொருள் வந்துவிட்டதா, தாமதமா. எதுவும் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதன் கீழே எழுதுவதற்குக் கொஞ்சம் இடம். மேஜைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து, 'அந்தக் கட்டம் காலியாக இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.