ஓடுபாதைக்கு அப்பால் ஒரு பங்கர்

போய் மெழுகுதிரி கொளுத்த நொயலுக்கு ஒரு கல்லறை இல்லை. மன்னார்க் கரையில் பிறந்த கத்தோலிக்கனுக்கு இதைவிடப் பெரிய ஏழ்மை வேறென்ன? நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் நாளில், ஊரே சேமக்காலையில் கல்லறைகளுக்கு முன்னால் நிற்கும். அவனுடைய மனைவி டொறத்தியும் மூன்று வயது மகள் செலினும் அங்கே இல்லை. தொண்ணூறாம் ஆண்டு அவன் கடலில் நின்றபோது விமானம் வந்தது. இருவரும் வீட்டுக்குப் பின்னாலிருந்த பங்கருக்குள் ஓடினார்களாம். குண்டு அதன் வாயிலேயே விழுந்தது. கிண்டி எடுக்க நேரமில்லாத அயலவர்கள் மண்ணை இழுத்து மூடிவிட்டு ஊரைவிட்டு ஓடினார்கள். நொயல் கரைக்கு வந்தபோது ஒரு மண்மேடுதான் கிடந்தது. அதன் மேல் விழுந்து அழக்கூட விடாமல் ஆட்கள் அவனைப் படகில் இழுத்துப் போட்டார்கள்.

பிறகு சிட்னி. குவேக்கர்ஸ் ஹில்லில் தங்கை றெஜினாவின் வீட்டில் ஒட்டிக்கொண்டான். கடலைத் தவிர வேறொன்றும் அறியாதவனுக்கு, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் முட்டைக்கோவா வெட்டும் வேலை கிடைத்தது. தோட்டத்து வேலிக்கு அப்பால் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டுவிமானத் தளம். ஓடுபாதை வெடித்துப் புல் முளைத்து, அதில் மாடுகள் படுத்துக் கிடக்கும். ஓரத்தில் ஒரு நினைவுக்கல். கிளம்பும்போதே விழுந்து எரிந்த விமானத்தில் செத்த இளைஞர்களின் பெயர்கள் அதில் இருந்தன. நொயல் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டான். குண்டு போடுகிறவர்களுக்காக அழ அவனிடம் கண்ணீர் மிச்சமில்லை.

ஆனால் கல்லைத் தாண்டி ஒரு மண்மேடு இருந்தது. எதிரி விமானம் வந்தால் ஒளிந்துகொள்ளத் தளத்துக்காரர்கள் கட்டிய பங்கர், வாய் மண்ணால் அடைபட்டிருந்தது. குண்டு போடப் போகிறவனுக்கும் தன் தலை பெரிதுதானே. அதைக் கண்ட அன்று நொயல் வேலைக்குத் திரும்பவில்லை. புல்லில் குப்புறக் கிடந்து, ஊரில் அழ விடாத அழுகையையெல்லாம் அங்கே அழுது தீர்த்தான்.

அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் வெறும் தகர மீன் ரின்னுக்குள் மெழுகுதிரியை வைத்து, காய்ந்த புல் பற்றாதபடி சுற்றிவரத் தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பான். மகளுக்கு இப்போது என்ன வயதாகியிருக்கும் என்று டொறத்தியிடம் கேட்பான். இது அந்தப் பங்கர் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவனொன்றும் பைத்தியக்காரனல்ல. வருடங்கள் போகப் போக, தெரிந்தது தேய்ந்துபோயிற்று, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஐந்தில் அந்த நிலத்தில் வீடுகள் வரப்போவதாக அறிவித்தார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் பேசலாம் என்று ஒரு கூட்டமும் வைத்தார்கள். நொயல் ஞாயிறு பூசைக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டு, பேச்சுத் துணைக்கு றெஜினாவையும் கூட்டிப்போனான். கல்லை எடுக்கமாட்டோம், வேலி போட்டுப் பூங்கா அமைப்போம் என்றார்கள். மேட்டை விட்டுவிடுங்கள் என்று இவன் கேட்டான். அங்கே பணிபுரிந்த உறவினர் யாராவது உண்டா என்று ஒரு பெண் மரியாதையாகவே விசாரித்தாள்.

"என்ர பெண்சாதியும் பிள்ளையும் அதுக்குள்ள இருக்கினம் எண்டு சொல்லு," என்றான் நொயல்.

றெஜினா அவன் முகத்தைப் பார்த்தாள். அண்ணனுக்குப் பழைய கட்டடங்கள் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பாவம், அவள்தான் வேறு என்ன செய்வாள்?

மேட்டை உடைக்க மெஷின் வந்த அன்று, நொயல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊரில் இவனைத் தவிர எல்லோரும் பார்த்த ஒன்றை, பங்கர் உடைவதை, இங்கே முதல் தடவையாகப் பார்க்கப் போகிறான். மெஷின் கை கூரையைத் தூக்கியது. உள்ளே கறுத்த தண்ணீரும் இரண்டு பியர் போத்தல்களும் கிடந்தன. டிரைவர் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையை விரித்தான்.

தேடி வந்த றெஜினாவிடம் நொயல் மெதுவாகச் சொன்னான்: "உள்ளுக்க ஒருத்தரும் இல்ல, தங்கச்சி."

"தெரியும்தானே அண்ணை. வாங்கோ, வீட்ட போவம்."

இப்போது அங்கே வரிசையாக வீடுகள். பூங்காவுக்குள் அந்தக் கல் பளபளக்கிறது. வருடா வருடம் பூவளையமும் வைக்கிறார்கள். மேடு போன பிறகு வந்த முதல் நவம்பரில் றெஜினாதான் மெழுகுதிரி வாங்கிவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் அதைக் கொஞ்சநேரம் உருட்டிப் பார்த்தான்.

"எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டான்.