கடைசிப் படகுக்குப் பின்னால்

வெள்ளிக்கிழமை காலை அந்தோனி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி என் வாசலில் நின்றார். "சாலிஹ் நானா மௌத்தாயிட்டார், மாஸ்டர்," என்றார். கல்பிட்டிக் களப்பில் நம் கிளப்பின் பாய்ப்படகுப் பந்தயங்களுக்கு நடுவர் நான் என்பதால், அவருக்கான இந்த நினைவுக் குறிப்பை என்னை எழுதச் சொன்னார்கள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு.

நானாவின் இரட்டை வள்ளம் உங்களுக்குத் தெரியும். ஒல்லியான இரண்டு வள்ளங்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, நடுவே ஒரே பாய். அதை அவர் பந்தயத்துக்குக் கொண்டுவந்த அன்றுதான் துரைமாரும் நம்மவர்களும் முதல்தடவையாக ஒரே கட்சியில், அவருக்கு எதிராக, நின்றார்கள்.

"ரெண்டு காலில ஓடுறவரோட நாங்க ஒத்தைக் காலில ஓடுறதா?" என்று எழுந்தவர் அந்தோனி.

"திருப்பக்குள்ள வந்து பாருங்க தம்பி, என்ட ரெண்டு காலும் சண்டை பிடிக்கும்," என்றார் நானா. "உங்கட படகு கவிழ்ந்தா நிமித்தலாம். என்டது கவிழ்ந்தா கவிழ்ந்ததுதான்."

அந்த வழக்கைக் கடைசியில் அவரே தீர்த்தார். "நீங்க எல்லாரும் முன்னால போங்க. கடைசிப் படகு முதல் மிதவையைத் தாண்டட்டும், அதுக்குப் பிறகு நான் பாய் விரிக்கிறன்." கைதட்டி ஏற்றுக்கொண்டோம். அப்படியும் பல தடவை அவரே வென்றார். வென்ற நாளில் தோற்றவர்களுக்குத் தம் கையால் இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்.

காற்று திடீரென்று முறுக்கிய ஒரு மாலையில் அந்தோனியின் படகு கவிழ்ந்தது. முன்னால் போனவர்கள் அதைக் காணவில்லை. மழையில் கரையிலிருந்த நானும் காணவில்லை. பின்னால் வந்த நானா கண்டார். அந்தோனியை இழுத்தெடுத்தார். அதே படகில் இருந்த அந்தோனியின் தம்பி மிக்கேல் அகப்படவில்லை. இருட்டும்வரை இரட்டை வள்ளம் அதே இடத்தைச் சுற்றியது. எல்லாரும் கரையேறும்வரை கொடியை இறக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அன்று நான் அதை இறக்கவில்லை. மிக்கேல் இன்றுவரை கரைக்கு வரவில்லை.

அதன்பின் நானா எவரையும் முந்தியதில்லை. பாயைத் தளர்த்திக் கடைசிப் படகுக்குப் பின்னாலேயே வருவார். "ஓடுங்க நானா, நல்ல காத்து!" என்று அந்தோனியே கத்தினார்.

"ஆள் ஒண்டு குறையுது தம்பி," என்றார் நானா.

கரையேறியதும் என்னிடம் கேட்பார்: "மாஸ்டர், எல்லாரும் வந்திட்டாங்களா?" நான் "ஓம்" என்பேன். அதற்குப் பிறகும் களப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டே பாயைச் சுருட்டுவார்.

அடக்கத்துக்கு மறுநாள் அவர் நினைவாகப் பந்தயம் நடத்தினோம். அந்தோனி தம் படகை எடுக்கவில்லை. அந்த மாலைக்குப் பிறகு கால் வைத்திராத இரட்டை வள்ளத்தில் ஏறி, எல்லாருக்கும் பின்னால் புறப்பட்டு, எல்லாருக்கும் பின்னால் வந்தார். இடுப்பளவு நீரில் இறங்கி நின்றபடி கேட்டார்:

"மாஸ்டர், எல்லாரும் வந்திட்டாங்களா?"

நானா எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். அவரிடம் அத்தனை தடவை "ஓம்" சொன்ன நான் இம்முறை கொடியை இறக்கவில்லை. கொடிக்கயிற்றைப் பிடித்தபடி களப்பைப் பார்த்தேன். அந்தோனியும் திரும்பிப் பார்த்தார்.