தலையிலிருந்து தொடங்கிய மீன்

எட்டு வயதில் நான் மீனாகிக்கொண்டிருந்தேன். கதைக்காகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் வந்து கேட்டிருந்தால் என் வகுப்புப் பொடியன்மார் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பார்கள். என் தலையில் அல்ல, அவரவர் தலையில். என் தலையில் அடிக்க ஒருவரும் துணிவதில்லை.

மற்றப் பிள்ளைகளுக்குத் தலையில் மயிர் இருந்தது. எனக்கு மயிரும் இருந்தது, அதற்கு அடியில் வெடித்துப்போன சுண்ணாம்பு மதில் ஒன்றும் இருந்தது. நெற்றி விளிம்பில் தொடங்கி, காதுகளுக்குப் பின்னால் சுற்றி, பிடரி வரைக்கும் வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காகத் தடித்து நிற்கும். சொறிந்தால் கொட்டும். சொறியாவிட்டாலும் கொட்டும். பெயர்ந்த இடத்தில் சிவந்த தோல் தெரியும், சில நேரம் இரத்தம் பொட்டுப் பொட்டாக அரும்பும். நான் எழும்பிப்போன தலையணையைப் பார்த்தால் யாரோ அதில் குந்தியிருந்து தேங்காய் துருவினது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே தேங்காய்ப்பூ. பள்ளிக்கூடச் சட்டைக்கு அரசாங்கம் வெள்ளை நிறத்தைத் தெரிந்தெடுத்ததற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். என்னுடைய தோளை உத்தேசித்துத்தான் என்று நான் வெகு காலம் நம்பியிருந்தேன்.

ஊரில் எல்லோரிடமும் அதற்கு ஒரு மருந்து இருந்தது. தேசிக்காய், புளித்த தயிர், வெந்தயம், வேப்பெண்ணெய், பரியாரியார் காய்ச்சிக் கொடுத்த கறுப்பு எண்ணெய் என்று எங்கள் வீட்டுக் கறிச்சட்டி கண்டதைவிடக் கூடுதலான சரக்கை என் தலை கண்டது. தலையில் வந்த வருத்தமோ எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. சலூன்காரர் ஒரு நாள் என் கழுத்தில் துணியைக் கட்டி, மயிரை விலக்கிப் பார்த்துவிட்டு, துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். "தம்பி, நாளைக்கு வாங்க" என்றார். நாளைக்கும் அதையே சொன்னார். அன்றிலிருந்து அக்கா தையல் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவாள். வெட்டி முடித்த பிறகு என் தலை மாடு மேய்ந்த வட்டை போல இருக்கும். அறுவடை முடிந்த எங்கள் வயல்வெளியைப் பார்த்தவர்களுக்கு அந்த அழகு விளங்கும்.

கடைசியில் அம்மா என்னை ஆஸ்பத்திரியில் தோல் டொக்டரிடம் கொண்டுபோனார். அப்பா கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்ததால் அம்மாவின் தம்பி, என்னுடைய மாமா, தன் ஓட்டோவில் எங்களை ஏற்றிப்போனார். டொக்டர் ஒரு பெண். என் தலையைக் கண்டு முகம் சுளிக்காத முதலாவது ஆள். சொரியாசிஸ் என்று பெயர் சொன்னார்.

"இது தொத்துற வருத்தம் இல்லம்மா. செதில் செதிலா வரும், போகும், மறுகாவும் வரும். முழுசா மாறுமெண்டு சொல்ல ஏலா. அடக்கி வச்சிரிக்கலாம்" என்றார்.

தொத்தாது என்பது அம்மாவின் காதில் விழுந்தது. மாறாது என்பதும் விழுந்தது. என் காதில் விழுந்தது செதில் மட்டும்தான். வாவிக் கரையில் பிறந்த பிள்ளைக்குச் செதில் என்றால் மீன். வேறு எதற்கும் செதில் இருப்பதாக நான் அறிந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் வைத்துக் கேட்டேன். "மாமா, எனக்கு ஏன் செதில் வருது?"

மாமா கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாதான் பதில் சொன்னார்.

"வேறென்ன, நீ மீனாகிறாய்" என்றார். "இந்தப் பாலத்தடியில மீன் பாடுறதெண்டு சொல்லுறாங்களே, அது சும்மா மீனெண்டா நினைச்ச? எல்லாம் உன்னப் போலப் பொடியன்மார்தான்."

"மெய்யாவா?"

"பின்ன? ஊரெல்லாம் கடற்கன்னி சிலை வச்சிரிக்கே, பாத்திரிக்காயா? பொம்புளையளுக்குக் கீழ இருந்து மேல வரும். ஆம்புளையளுக்கு மேல இருந்து கீழ வரும்."

"விசர்க் கதை பறையாம ஓட்டோவ ஓட்டு" என்றார் அம்மா. ஆனால் அது மறுப்பாக எனக்குப் படவில்லை. ஓட்டோவை ஓட்டத்தான் சொன்னார், நான் மீனில்லை என்று சொல்லவில்லையே!

அடுத்த நாளே வகுப்பில் அறிவித்தேன். அன்றோடு தேங்காய்ப்பூ ஒழிந்தது. இடைவேளையில் பொடியன்மார் வரிசையில் நின்று என் தலையைப் பார்த்தார்கள். மெதுவாகத் தொடச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் தொடக் கொடுத்தேன். பின்னேரங்களில் வாவியில் முகத்தை முக்கி மூச்சுப் பிடித்துப் பழகினேன், தண்ணீருக்குள் பாடியும் பார்த்தேன். பாட்டு வரவில்லை, வாவிதான் வாய்க்குள் வந்தது. சேற்று நாற்றத்தோடு வீட்டுக்குப் போவேன். அங்கே அக்கா காத்திருப்பாள்.

என் தலை அக்காவின் பொறுப்பு. எண்ணெய் பூசி, ஊறவிட்டு, பல்லுச் சீப்பால் செதிலைத் தோல் நோகாமல் ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பாள். பிறகு மருந்து பூசி ஒரு சொப்பிங் பேக்கைத் தலையில் கட்டிவிடுவாள். திரும்பிப் படுத்தால் சரசரக்கும். விடிந்ததும் தார் மணக்கும் சம்போ. புதிதாகப் போட்ட ரோட்டு மாதிரி மணத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். அக்காவிடம் எனக்கு ஒரே ஒரு குறை. டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டே இழுப்பாள். கதாநாயகி அழத் தொடங்கினால் சீப்பு ஆழமாக இறங்கும். அந்த நாடகத்தின் துக்கமெல்லாம் என் தலையில்தான் முடிந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அக்காவுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. எங்கள் பக்கங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், தங்கள் பிள்ளை யாரோடு இருந்து சாப்பிடப்போகிறான் என்றும் பார்ப்பார்கள். அதற்கு முன் வந்த ஒரு கூட்டம் என் தலையைக் கண்டதும் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போயிருந்தது. அவர்கள் விட்டுப்போன தேத்தண்ணியையும் நான்தான் குடித்து முடித்தேன். ஏன் போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை, சீனி நன்றாக இருந்ததால் நானும் கேட்கவில்லை.

இந்த முறை அம்மா முந்திக்கொண்டார். அவர்கள் வருகிற நாளில் மாமா என்னைக் கல்குடாவுக்குக் கடல் குளிக்கக் கூட்டிப்போக வேண்டும். கடல் தண்ணி தலைக்கு நல்லதாம். பொழுதுபடுவதற்கு முன் வரக்கூடாதாம். கல்லடிக் கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்க, கல்குடாவுக்கு ஏன் போக வேண்டும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வாவியிலிருந்து கடலுக்கு! எனக்கு அது பதவி உயர்வு.

புறப்படும் காலையில் அக்காவும் அம்மாவும் குசினிக்குள் சண்டை பிடித்தார்கள்.

"அவன எங்க ஒளிச்சு வைக்கப் போறீங்க? கலியாணம் முடிஞ்சாப் பிறகும் கல்குடாவிலயா?" என்றாள் அக்கா.

"நீ வாய மூடு புள்ள. ஒரு நாளைக்குத்தானே" என்றார் அம்மா.

அக்காவுக்குக் கடல் குளிக்கக் கிடைக்காத எரிச்சல் என்று நினைத்து, வரும்போது சிப்பி பொறுக்கிக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்தேன்.

கல்குடாவில் மாமா கையை விட்டதும் ஓடினேன். தலைகுப்புறப் பாய்ந்தேன். உப்புத் தண்ணி வெடிப்புகளுக்குள் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் தோணி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எரியுதா? அப்ப சரி. செதில் இறுகுது" என்றார் மாமா.

உடனே மறுபடியும் பாய்ந்தேன். எரிவு, சந்தோசம், எரிவு, சந்தோசம் என்று அலைக்கு அலை மாறி மாறி வந்தது. ஊறி ஊறி, பிடரியில் இருந்த பெரிய செதில் ஒன்று முழுசாகக் கழன்று என் கைக்கு வந்தது. அக்காவின் சீப்புக்குக்கூட அசையாத செதில்! அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். மாமா செதிலைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தார். இரத்தம் தண்ணீரோடு சேர்ந்து முதுகு வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. உண்மையில் அது ஒள்ளுப்பம்தான், தண்ணிதான் அதைப் பெரிதாகக் காட்டியது. மாமாவுக்கு அது தெரியவில்லை. மனிதர் வெளிறிப்போனார். துவாயால் தலையைச் சுற்றி ஓட்டோவில் போட்டு, ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் வந்து சேர்ந்தார்.

வாசலில் வெள்ளை வான் ஒன்று நின்றது. அதைக் கண்ட பிறகுதான் மாமாவுக்கு அன்று என்ன நாள் என்பது ஞாபகம் வந்தது. "டேய், உள்ள போகாத! நில்லு, நில்லுடா!" என்று பின்னால் கத்தினார். நான் அதற்குள் துவாயை உதறிவிட்டு வீட்டுக்குள் நின்றேன். ஈரக் காற்சட்டை, சிவந்த தலை, கையில் செதில்.

முன் அறையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும், வழித்துச் சீவிய தலையோடு ஒரு அண்ணனும் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயும் மாப்பிள்ளையும். முறுக்குத் தட்டு நடுவில் இருந்தது.

"ஆரு இந்தப் பொடியன்?" என்று அந்த அம்மா கேட்டார்.

எங்கள் அம்மா என்னைப் பார்த்தார். வான் நிற்கிற பக்கம் பார்த்தார். "பக்கத்து வீட்டுப் பொடியன்" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. என்ன அருமையான விளையாட்டு! நான் மீனாகிற விசயம் வெளியாட்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அம்மா மறைக்கிறார் என்று பட்டது. நான் விட்டுக்கொடுப்பேனா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஓம் மாமி, எங்கட அம்மா தேடுவா, நான் போயிட்டு வாறன்" என்றேன். சொந்தத் தாயை மாமி என்று கூப்பிட்டது எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு முறுக்கையும் எடுத்துக்கொண்டேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எடுப்பது வழக்கம்தானே. அம்மாவின் முகத்தில் பாராட்டு ஏதும் தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, பட்டுச் சாறியின் தலைப்பால் என் கழுத்தைத் துடைத்தாள்.

"இவன் என்ட தம்பி. ஒரே தம்பி" என்றாள். "இது தொத்தாது. ஆனா மாறாதாம். நான்தான் மருந்து போடுறன், நாளைக்கும் போடுவன். இஞ்ச வாற ஆள் இதப் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கணும்."

இவ்வளவு நல்ல விளையாட்டைக் கெடுத்துவிட்டாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

மாப்பிள்ளையின் தாய் எழும்பி வந்தார். என் தலையைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்ன பூசுறீங்க?" என்று கேட்டார். அக்கா வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லத் தொடங்கிவிட்டார். எந்த எண்ணெய், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எந்தச் சம்போ, எதைத் தின்றால் கூடும், குளிர் நாளில் எப்படி வெடிக்கும், எந்தப் பக்கம் சரித்துப் படுக்க வைத்தால் நித்திரை வரும் எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாய் முழுவதையும் கேட்டார். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு பாக்குறீங்களே, பாவம்" என்றார்.

அம்மா முறுக்குத் தட்டை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். இரகசியம் எப்படியும் உடைந்துவிட்டது, இனி மறைத்து என்ன? உள்ளங்கையை விரித்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். "இது வருத்தமில்ல. நான் மீனாகிறன்" என்றேன். பெண்களுக்குக் கீழிருந்து மேலே, ஆண்களுக்கு மேலிருந்து கீழே என்ற விபரத்தையும் சொன்னேன்.

மாப்பிள்ளை செதிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"பூ வந்திட்டா? மூச்சு விடுற பூ?" என்று மீனுக்குச் செவுள் இருக்கிற இடத்தைக் காட்டுவதுபோலத் தன் காதோரத்தைத் தொட்டுக் கேட்டார்.

"இன்னும் வரல்ல."

"அப்ப கவனம். பூ வருமட்டும் ஆழத்துக்குப் போகப்படாது."

வாசலில் நின்ற மாமா முதலில் சிரித்தார். அக்கா சாறித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், அதில் என் இரத்தம் இருந்ததை மறந்துபோய். மாப்பிள்ளையின் தாய் மட்டும் சிரிக்காமல் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து, நின்றபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். பதில் வரும்வரை அம்மாவும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகப் போய் வந்தது. எனக்கு அதுவும் நல்ல பொழுதுபோக்குத்தான்.

சம்மதம் வந்தது. கலியாணம் முடிந்து அத்தான் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். சாப்பிட இருந்த முதல் நாளே, "எங்க அந்தப் பக்கத்து வீட்டுப் பொடியன்? கூப்பிடுங்க" என்றார். அதுவே எனக்குப் பட்டப்பெயரானது. செதில் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை, பூவும் வாலும் இன்னும் வந்தபாடில்லை. அந்தப் பெயர் மட்டும் அன்றைக்கே நிலைத்துவிட்டது. நானும் சளைக்கமாட்டேன். "மாமி, ஒள்ளுப்பம் சோறு போடுங்க, எங்கட வீட்ட இண்டைக்குச் சமைக்கல்ல" என்று அம்மாவிடம் பீங்கானை நீட்டுவேன். அத்தானுக்குப் புரையேறும். அக்கா என் முதுகில் ஒன்று போட்டுவிட்டுத் தானும் சிரிப்பாள்.

அம்மா மட்டும் "அடுப்பில சோறு கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். சோறு எங்கள் முன்னால், மேசையில் ஆவி பறக்க இருக்கும். அம்மாவுக்குப் பகிடி விளங்காது என்று நானும் அத்தானும் முடிவு கட்டியிருந்தோம்.