வடக்கில் இருந்த கடல்

அப்பாவுக்கு ஆடி அமாவாசைக்குக் கடல் வேண்டியிருந்தது. அப்பப்பா இறந்தபோது அகதி வழக்கு முடியாமல் இழுபட்டதால் அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. அந்தக் குறை தீர, உப்புத் தண்ணீரில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைத்தே ஆகவேண்டும் என்று நின்றார். நாங்கள் இருந்த மொன்றியலைச் சுற்றி ஓடும் ஆறு அவருக்குக் கணக்கில் வரவில்லை. கிழக்கே போயிருந்தாலும் கடல் வந்திருக்கும், பாதையும் சுகமானது. ஆனால் ஊரில் பிதிர்க்கடன் கழிக்கும் கீரிமலையில் கடல் வடக்குப் பக்கம்தானே! அப்பா வடக்கே போகும் தெருவைப் பிடித்தார்.

"அது குடா, அத்தான். ஆத்துத் தண்ணிதான் கிடக்கும்," என்று மாமா காரில் ஏறும்போதே தொடங்கிவிட்டார். அம்மாவின் தம்பியான அவருக்கு எதையும் மறுத்துக் கதைக்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

அம்மாவும் நானும் பின்னால் இருந்தோம். இரண்டு நாள் ஓட்டம். கடைசிப் பட்டணமான மத்தகாமியைத் தாண்டியதும் வீடுகள் தீர்ந்துபோயின. ஒல்லியான ஊசியிலை மரங்கள், ஏரி, எரிந்து கறுத்த காடு, திரும்பவும் ஏரி. எனக்கு அந்த வெறுமை நிரம்பப் பிடித்திருந்தது. கரடி ஒன்று தெருவின் நடுவில் நின்றபோது மாமா கண்ணாடியை ஏற்றச் சொல்லிக் கத்தினார். அமாவாசை போய்விடும் என்று அப்பா கரடிக்கே ஹோர்ன் அடித்தார்.

கிறீ என்னும் பழங்குடி மக்களின் ஊருக்கு அப்பால், கல்லுத் தெரு முடிந்த இடத்தில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் நிறத் தண்ணீர் கிடந்தது. மாமாதான் முதலில் ஓடிப்போய் அள்ளி வாயில் வைத்தார்.

"பாத்தியளோ? உப்பே இல்லை!"

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. மாமாவைக் கடித்துவிடலாம் போல எனக்குக் கோபம் வந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எள்ளை இறைத்தார். முழுகினார். நெடுநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பிறகு கரைக்கு வந்து என்னைத் தூக்கி முகத்தோடு அணைத்துக்கொண்டார். அவர் கன்னத்திலிருந்து வடிந்த துளி என் உதட்டில் விழுந்தது. நக்கிப் பார்த்தேன்.

"அப்பா, உப்பு! மாமா, உப்புத்தான், நான் குடிச்சுப் பாத்தனான்!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஈரவேட்டியோடு கரை நெடுக ஓடினார். அம்மா கைதட்டினார். மாமா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அத்தான், உப்புத்தான்," என்றார்.

மாமாவையே தோற்கடித்துவிட்ட பெருமையில் வீடு வந்து சேரும்வரை என்னைப் பிடிக்க முடியவில்லை. அப்பாவின் கண்கள் சிவந்திருந்தது தண்ணீரின் குளிரால் என்றுதான் நினைத்திருந்தேன்.