பேசாத பெஞ்சு

இங்கே ஒரு வழக்கம். மைதானத்துக்குள் இறங்கும்போது சுண்ணாம்பால் போட்ட வெள்ளைக் கோட்டை யாரும் மிதிப்பதில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த, கையெல்லாம் பச்சை குத்திய ஆட்கள், அந்தக் கோட்டருகே வந்ததும் காலைத் தூக்கி ஒரு தாண்டு தாண்டிப் போகிறார்கள். வாசலில் போட்ட கோலத்தை எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் தாண்டுவார்களே, அதே மாதிரி. வந்த புதிதில் நான் அதை மிதித்துவிட்டேன். யாரும் திட்டவில்லை, பார்த்தார்கள். அன்றிலிருந்து தரையைப் பார்த்துத்தான் நடக்கிறேன். எனக்குத் தெரியாத கோடுகள் இந்த ஊரில் இன்னும் எத்தனை இருக்குமோ என்று ஒரு பயம். பயப்படுவது எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்த வேலை.

சொந்த ஊர் எண்ணூர். கழிமுகத்தை ஒட்டிய குப்பம். படிப்பு எட்டாவதோடு நின்றது. இப்போது அமெரிக்காவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊருக்கு, பேஸ்பால் எறிந்து சம்பளம் வாங்க வந்திருக்கிறேன். கிரிக்கெட்டில் கையை மடக்காமல் வீச வேண்டும். இதில் ஒரு மண்மேட்டில் நின்றுகொண்டு, கல்லை விட்டெறிவது போல மடக்கியே எறியலாம். நம் தெருக்களில் அப்படிப் போட்டால் 'மாங்கா' என்று சொல்லி பந்தைப் பிடுங்கிவிடுவார்கள். என்னிடமும் பிடுங்கினார்கள். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நான் மூட்டை தூக்கியபோது கூட வேலை செய்த யூசுப்தான் ஒரு நாள் பைக்கை நிறுத்திக்கொண்டு கூப்பிட்டான். "மாமு, உன் மாங்காவுக்குச் சம்பளம் குடுக்க வெள்ளக்காரன் ஒருத்தன் வந்துகீறான். வா, போய் அவனை ஏமாத்தலாம்." காலேஜ் மைதானம் ஒன்றில் வேகம் பார்க்கும் மெஷினை வைத்துக்கொண்டு ஆள் பொறுக்கினார்கள். வந்தவர்களில் செருப்பைக் கழற்றிவிட்டு எறிந்தவன் நான் ஒருவன்தான். என்னை எடுத்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய விஷயம். உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும். நான் சேர்ந்தது கீழ்நிலை அணி. இங்கிருந்து மேலே போகிறவர்கள் கொஞ்சம், வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. ஒரு நாள் காலையில் பெரிய கோச் தன் அறைக்குக் கூப்பிடுவார், கதவு மூடும், வெளியே வருகிறவன் பையைக் கட்டுவான். அலமாரிக்கு மேலே டேப்பில் எழுதி ஒட்டியிருக்கும் பெயரை அவன் வருவதற்கு முன்னாலேயே கிழித்திருப்பார்கள். விசா அந்த வேலையோடு ஒட்டியது, அதனால் பெயரோடு அதுவும் போகும். மூன்று வருஷமாகத் தினமும் காலையில் நான் முதலில் பார்த்தது அந்த டேப்பைத்தான்.

போன கோடையில் ஒரு மதிய ஆட்டம். நான்தான் பிட்சர், பந்து எறிகிறவன். என்னவோ அன்றைக்குக் கை நான் சொன்னதைக் கேட்டது. எதிரணியில் ஒருவனாலும் ஒழுங்காக அடித்துவிட்டு ஓட முடியவில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வந்து பெஞ்சில் உட்காருவேன். ஐந்தாவது சுற்று முடிந்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், பக்கத்தில் ஆளில்லை. எப்போதும் என்னை இடித்துக்கொண்டு உட்காரும் ரமோன் பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போயிருந்தான். ரமோன் டொமினிக்கன் தேசத்துக்காரன், அவனும் கடலோரத்தில் பிறந்தவன். என் இங்கிலீஷும் அவன் இங்கிலீஷும் ஒரே அளவு மோசம் என்பதால் நாங்கள் நண்பர்களானோம். சூரியகாந்தி விதைப் பாக்கெட் ஒன்று கைக்குக் கை மாறி வரும். அன்றைக்கு அது என்னைச் சுற்றிக்கொண்டு போனது. நான் தண்ணீர் எடுக்க எழுந்தால் நின்றிருந்தவர்கள் விலகினார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்தப் பெஞ்சு தெரியும். நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். கழிமுகத்தில் அனல் மின்நிலையத்துச் சாம்பல் தண்ணீர் வந்து மீன் செத்து மிதந்த வருஷம். அதை எதிர்த்து ஒரு நாள் யாரும் வேலைக்குப் போகக்கூடாது, எல்லோரும் சாலையில் உட்கார வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். என் அப்பா, நைனா, அப்போதுதான் கடலை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அன்றைக்கு லீவு போட்டால் வேலை போய்விடும் என்று விடியும் முன்னே சுவரோரமாக நடந்து வேலைக்குப் போனார். யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், எங்கள் வீட்டை ஊர் ஒதுக்கியது. யாரும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை. பேசவில்லை, அவ்வளவே. குழாயடியில் அம்மா குடத்தோடு போனால் பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொள்வார்கள். உப்பு வாங்க அம்மா திருவொற்றியூருக்குப் பஸ் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் நான் ஒருவன்தான். கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டேன். பகலெல்லாம் கழிமுகக் கரையில் நின்று, சேற்றில் பாதி புதைந்த ஒரு பழைய படகின் மூக்கைக் குறிவைத்துக் கல் எறிந்துகொண்டிருந்தேன். பேச ஆளில்லாதவனுக்கு வேறென்ன விளையாட்டு. இந்தக் கை அங்கே வந்ததுதான்.

அந்த ஒதுக்கல் முடிந்தது ஒரு சாவில். சித்தப்பா இறந்தபோது ஊர் வந்தது. சாவுக்கு மட்டும் தடையில்லை. அத்தனை நாள் பேசாதவர்கள் நைனாவைக் கட்டிப்பிடித்தார்கள். அன்றைக்கு நான் அழுதது சித்தப்பாவுக்காக மட்டுமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு இது எல்லாம் ஒரு நொடியில் வந்து போனது. முடிவாகிவிட்டது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை. நாளைக் காலை டேப் இருக்காது. இப்படி ஒரு முடிவுக்கு வந்த பிறகு சும்மா இருக்க என்னால் முடியாது. ஆறாவது சுற்று முடிந்ததும் நேராக ரமோனிடம் போனேன்.

"ரமோன், நான் ஏதாவது தப்பு செய்தேனா?"

அவன் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். கோச்சிடம் போனேன். "சார், என்னை வீட்டுக்கு அனுப்புகிறீர்களா?" அவர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழாதது போல.

அடுத்த சுற்றில் மேட்டின் மேல் நின்றது உடம்பு மட்டும்தான். முதல் ஆளுக்கு ஒரு பந்துகூட நேராகப் போகவில்லை, நான்கு பந்து தப்பினால் அடிக்காமலே முதல் இடத்துக்குப் போகலாம் என்பது விதி, அவன் சும்மாவே நடந்து போனான். இரண்டாவது ஆள் அடித்தான். பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய்ப் புல்லில் விழுந்தது. அப்போது நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பார்க்க வந்த கூட்டம் எழுந்து நின்று எனக்குக் கை தட்டியது. கோச் மேட்டுக்கே வந்து என் தோளைப் பிடித்தார், பந்தை வாங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பினார். பெஞ்சுக்குத் திரும்பினால் ஒவ்வொருவனும் முதுகில் தட்டுகிறான், கட்டிப்பிடிக்கிறான். விதைப் பாக்கெட் என் கைக்கு வந்தது. எனக்குச் சித்தப்பாவின் சாவு வீடுதான் ஞாபகம் வந்தது.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ரமோன் சொன்னான். "நீ ஒரு அடிகூட வாங்காமல் எறிந்துகொண்டிருந்தாய். அப்படி எறிகிறவனிடம் பேசக்கூடாது. பேசினால் கெட்டுவிடும். எல்லா அணியிலும் இப்படித்தான். உன்னைக் காப்பாற்றத்தான் பேசவில்லை. அடி விழுந்ததும் தடை போய்விட்டது, அதுவரை எறிந்ததற்குத்தான் எல்லோரும் கை தட்டினார்கள்."

"ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லையே."

"எப்படிச் சொல்வது? சொன்னால் பேசியதாகிவிடுமே." சிரித்தான். நானும் சிரித்தேன், அவன் நிறுத்தும்வரை.

யூசுப்பிடம் சொன்னபோது அவன் போனே அதிரும்படி சிரித்தான். "இன்னா மாமு, உன்னை ராஜா மாதிரி வெச்சிக்கினு இருந்துகீறாங்கோ, நீ போய் பேஜாரு பண்ணிட்டு வந்துகீறே." நைனா சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவுங்கோ பேசாம இருந்தது உனுக்கு நல்லதுக்கா?"

"ஆமா நைனா."

"நமக்கு அது எப்டிடா தெரியும்."

அந்த ஆட்டத்தைப் பார்க்க மேல்நிலை அணியிலிருந்து ஆள் வந்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. என் கையைப் பற்றி நல்லதாகத்தான் எழுதினாராம். கையைப் பற்றி மட்டும். நெருக்கடியில் மனசு நிற்கவில்லை என்று சேர்த்திருக்கிறார். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு மேட்டில் ஏறும்போதெல்லாம் மனசு நிற்கிறதா நிற்கிறதா என்று நானே பார்த்துக்கொண்டு எறிந்தேன். பார்க்கப் பார்க்க அது நிற்கவில்லை.

இந்த மாதம் ஒரு காலையில் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பயப்படவில்லை. இதுவும் ஏதோ இவர்கள் வழக்கம், கேட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு என் அலமாரிக்குப் போனேன். மேலே டேப் இல்லை. அது ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

அடுத்த வாரம் விமானம். இன்று காலை வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். நான் வரும் செய்தி பரவி, பாதிக் குப்பம் எங்கள் வாசலில் கூடியிருந்தது. குழாயடியில் குடத்தை நகர்த்திய அக்காக்களும் அதில் இருந்தார்கள். நைனா போனை எல்லோருக்கும் காட்டினார். ஒரே சத்தம். "இன்னாடா, அமெரிக்கா உன்னை வாணாம்னு சொல்ட்ச்சா?" "வுடு, நம்ம வூட்டுப் புள்ள நம்மகிட்ட வருது." "டேய், கறுத்துட்டியே, சோறு கீறு துன்றியா இல்லையா?" ஒருவர் பாக்கியில்லாமல் பேசினார்கள். சின்ன வயதில் இந்தச் சத்தத்துக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்.

இங்கே என் அறை ஜன்னலுக்குக் கீழே, ரமோனும் மற்றவர்களும் பயிற்சிக்குப் போக வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ரமோன் ஒரு தடவை மேலே பார்த்தான். கையைத் தூக்கப் போனவன் என்ன நினைத்தானோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறிவிட்டான். வண்டி போன பிறகு தெருவில் சத்தமே இல்லை.

போனில் நைனாவின் முகம் அருகில் வந்தது. "இன்னாடா பேச மாட்டன்ற? நாங்க பேசுறது கேக்குதா?"

கேட்கிறது என்று தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை. "வாயைத் தொறந்து சொல்லுடா, எல்லாரும் நிக்கிறாங்கோ." அவருக்குப் பின்னால் குப்பம் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.